கூட்டவும் மாட்டார், குறைக்கவும் மாட்டார்

“எங்க சுடுது, காட்டுங்க பாப்பம்” என்று சொல்லிக்கொண்டே பேர்னாட் மீனின் முதுகில் விரலை வைத்துப் பார்த்தார். ஐஸில் இருந்து அப்போதுதான் எடுத்த பாரை. விலையைக் கேட்டாலே கை சுடும் என்று மீன்காரி றோஸி சொல்லிவிட்டாள். அதுதான் அவள் செய்த குற்றம். “குளிருது” என்று அவர் தீர்ப்புச் சொன்னார். பின்னால் நின்றவர்கள் பெருமூச்சு விட்டார்கள். கொழும்பு கொட்டாஞ்சேனையில் மீன் வாங்கப் போகிறவர்கள் முன்னால் பேர்னாட் நிற்கிறாரா என்று பார்த்துவிட்டுத்தான் வரிசையில் சேர்வார்கள். அவர் நின்றால் அன்றைக்கு அவர்கள் வீட்டில் முட்டைக் குழம்பு.

ஜம்பட்டா வீதிக்குப் பின்னால் ஓர் ஒழுங்கையில் அவருடைய வீடு. இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, பையில் இரண்டு பேனா. ஒன்று எழுத, மற்றது அடுத்தவர் எழுதியதைத் திருத்த. யாருக்கும் ஓர் எழுத்தும் சொல்லிக் கொடுத்தவரல்லர் என்றாலும் ஊர் அவரை மாஸ்டர் என்று கூப்பிடுகிறது. கண்ணாடி போட்டுக்கொண்டு பிழை பிடிக்கத் தெரிந்தவர் எல்லாரும் அங்கே மாஸ்டர்தான். அரசாங்கத் திணைக்களம் ஒன்றில் சிங்களச் சுற்றறிக்கைகளைத் தமிழாக்கியும் தமிழ் முறைப்பாடுகளைச் சிங்களமாக்கியும் ஓய்வு பெற்றவர். அவர் தமிழாக்கிய சுற்றறிக்கைகளில் ஒரு பிழைகூடக் கண்டுபிடிக்க முடியாது என்று திணைக்களத்தில் இன்றைக்கும் புகழ்கிறார்கள். அவற்றில் ஒரு வாக்கியம்கூட எவருக்கும் விளங்கியதில்லை என்பதும் அந்தப் புகழில் அடக்கம்.

இலக்கணம் தெரியாத மனிதர் என்று நினைத்துவிடக் கூடாது. பொலிஸ்காரனுக்குத் திருடர்களைத் தெரிந்திருப்பதுபோல அவருக்கு அணிகளைத் தெரியும். பெயர், விலாசம், இன்னின்ன இடத்தில் நடமாடும் என்ற விபரம் எல்லாம் விரல் நுனியில். “உவமை சின்னப் பொய். உருவகம் பெரிய பொய். உயர்வு நவிற்சி, தான் பொய்யெண்டு ஒத்துக்கொள்ளுற பொய், அது கொஞ்சம் பரவாயில்ல” என்பார். ஊரே சிரித்தது என்று யாராவது சொன்னால், “ஆகுபெயர். ஊர் சிரிக்கேலாது. சிரிச்ச ஆக்கள்ட பேரைச் சொல்லுங்க” என்று கேட்பார். பேரைச் சொன்னவர்களுக்குப் பிறகு நேர்ந்த வில்லங்கங்களுக்கு அவர் பொறுப்பல்ல.

காலையில் பத்திரிகை வந்தால் முதலில் மரண அறிவித்தல் பக்கம். இறந்தவர்களைத் தெரிந்துகொள்ள அல்ல, திருத்த. “இறைவனடி சேர்ந்தார் எண்டு போட்டிருக்கு. ஆர் பாத்தது?” சைவர்களோடு நிறுத்திக்கொள்கிறார் என்றும் சொல்ல முடியாது. தம்முடைய கோயில் ஆட்களையும் விடமாட்டார். “கர்த்தருக்குள் நித்திரையாம். நித்திரையெண்டா என்னத்துக்குப் பெட்டி வாங்கினவங்க?”

அவருடைய மனைவி புளோறன்ஸ் அடுப்படியில் இருந்தே பதில் சொல்வார். “நீங்க செத்தா ‘செத்தார்’ எண்டே போடுறன்.”

“தேதியையும் போடு. இல்லாட்டி எந்த வருசமெண்டு சனம் குழம்பும்” என்பார் பேர்னாட். கோபமோ வருத்தமோ இருக்காது. நல்ல ஆலோசனைக்கு நல்ல ஆலோசனை.

இந்தப் புளோறன்ஸ், நிச்சயார்த்தத்தன்று தன் முகம் எப்படி இருக்கிறது என்று ஆசையாகக் கேட்டவர். சுற்றி நின்ற தோழிகள் நிலவையோ தாமரையையோ எதிர்பார்த்துக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள். “வட்டம்” என்றார் மாப்பிள்ளை. அளந்து பார்த்தால் அதுவும் சரியாகத்தான் இருந்தது என்று புளோறன்ஸ் இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார். சிரிப்பதைத் தவிர வேறு என்னத்தைச் செய்வது?

ஓய்வு பெற்ற பிறகு அவரைப் பிடித்துக்கொண்டது வெள்ளவத்தை. வடக்கில் இருந்து வைத்தியரைப் பார்க்கவும் அரசாங்கக் கந்தோர் அலுவல்களுக்கும் வந்து லொட்ஜுகளில் தங்குகிறவர்களுக்குச் சிங்களம் தெரிந்த ஓர் ஆள் வேண்டும். பேர்னாட் போவார். போகும்போதே வாசலில் வைத்து ஒரு பிரகடனம் செய்வார். “நீங்க சொல்லுறதை அப்பிடியே சொல்லுவன். கூட்டவும் மாட்டன், குறைக்கவும் மாட்டன்.” கேட்கிறவர்களுக்கு உடம்பு புல்லரிக்கும். பிறகுதான் புரியும், அது வாக்குறுதி இல்லை, எச்சரிக்கை என்று.

வவுனியாவில் இருந்து வந்த ஒருவர் பல் வைத்தியரிடம் போனார். “பல்லுக் கொதியில ராத்திரி முழுக்க உயிர் போய் உயிர் வந்தது” என்றார். பேர்னாட் கூட்டவில்லை, குறைக்கவில்லை. இந்த மனிதருக்கு இரவு உயிர் போய்விட்டது, பிறகு திரும்பி வந்தது என்று சுத்தமான சிங்களத்தில் சொன்னார். பல் வைத்தியர் கையில் எடுத்த குறட்டைக் கீழே வைத்துவிட்டு இருதய வைத்தியருக்குத் துண்டு எழுதினார். அன்று மாலைவரை அந்த மனிதரின் நெஞ்சில் வயர்களைப் பொருத்திப் பார்த்தார்கள். இருதயம் பழுதில்லை என்ற சான்றிதழோடு, வீங்கிய கன்னத்தோடு அவர் ஊர் திரும்பினார். “இருதயம் நல்லா இருக்கெண்டு தெரிஞ்சுதுதானே. நட்டமா?” என்று பேர்னாட் கேட்கிறார். நட்டமில்லைதான்.

இப்படிப்பட்ட மனிதரை ஒரு கல்யாணப் பேச்சுக்கு ஏன் கூட்டிக்கொண்டு போனார்கள் என்று கேட்டால், அதற்கும் ஒரு நியாயம் இருந்தது.

வெள்ளவத்தையில் ஒரு மாடிவீட்டில் இருக்கும் சாமினி, தன்னோடு வேலை செய்கிற நுவனைக் கட்ட விரும்பினாள். நுவன் சிங்களப் பையன், பௌத்தன். சாமினியின் தாய் மயிலம்மாவுக்குச் சிங்களத்தில் இரண்டு சொற்கள் தெரியும். ஒன்று ‘எவ்வளவு’, மற்றது ‘வேண்டாம்’. காலி வீதிக் கடைகளில் சீவிக்க அது தாராளமாகப் போதும். சம்பந்தம் பேசப் போதாது. முதலில் சாந்தன் என்ற ஒன்றுவிட்ட மாமா தொலைபேசியில் மொழிபெயர்த்தார். பெண்ணுக்கு விருப்பம் என்று சொன்னதை, பெண் பிடிவாதம் பிடிக்கிறாள், எங்களுக்கு வேறு வழியில்லை என்று தம்முடைய சொந்த அபிப்பிராயத்தையும் கொஞ்சம் தாளித்துச் சொன்னார். பேச்சு அதோடு படுத்துவிட்டது.

பிறகு சாமினி எவ்வளவோ கெஞ்சிய பின் மயிலம்மா ஒரு நிபந்தனையோடு இறங்கி வந்தார். “ஒருக்காப் போவம். அந்த மனிசியின்ர மனசு எப்பிடியெண்டு நான் அறியோணும். எனக்குச் சரிவராட்டி, பிறகு நீ இந்தக் கதையையே எடுக்கப்படாது. பொய் சொல்லாத ஓர் ஆளைக் கூட்டிக்கொண்டு வா.” சாமினி ஒப்புக்கொண்டாள். ஒரே ஒரு போக்கு, அதில் எல்லாம் முடிவு. பொய் சொல்லாத ஆள் என்றதும், தாயைக் கண் வைத்தியரிடம் கூட்டிக்கொண்டு போன பேர்னாட்டின் நினைவுதான் இருவருக்கும் வந்தது.

பூரணைப் போயா விடுமுறையன்று பின்னேரம் தெஹிவளைக்கு ஓட்டோவில் போகும்போது சாமினி பேர்னாட்டின் பக்கம் குனிந்தாள். “அங்கிள், அம்மா சிலநேரம் பட்டெண்டு கதைச்சுப்போடுவா. நீங்க கொஞ்சம் மெதுவாச் சொல்லுங்கோ” என்றாள்.

“மெதுவாச் சொன்னா அவங்களுக்குக் கேக்காது பிள்ளை. நான் சத்தமாத்தான் சொல்லுவன்” என்றார் பேர்னாட்.

நுவனின் வீடு சின்னது, துப்புரவானது. தாய் வாசலுக்கே வந்து கைகூப்பினார். தகப்பன் உள்ளறையில் தொலைக்காட்சிச் செய்தியைக் குறைத்துவிட்டு ஒருமுறை தலைகாட்டிவிட்டுப் போனார். பெரியவர்கள் பேசும்போது பிள்ளைகள் இருக்கவோ வாய் திறக்கவோ கூடாது என்று மயிலம்மா வாக்கு வாங்கியிருந்ததால் சாமினியும் நுவனும் வெளி விறாந்தையில் காதைக் கொடுத்துக்கொண்டு நின்றார்கள். இரண்டு தாய்மாரும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். நடுவில் ஒரு மரக் கதிரை. அதில் பேர்னாட், முழங்காலில் கைகளை வைத்தபடி, இரண்டு நாடுகளுக்கு இடையில் போட்ட சோதனைச் சாவடி மாதிரி அமர்ந்தார். வாசலில் சொல்லும் பிரகடனத்தை இரண்டு மொழியிலும் சொன்னார்.

முதலில் எல்லாம் நன்றாகவே போனது. ஊர் எது, பிள்ளைகள் எத்தனை, கொழும்பு வெயில் எப்படி. இவற்றுக்கெல்லாம் அணி தேவைப்படாது. நுவனின் தாய் இதமாகக் கேட்டார், மயிலம்மா நறுக்கென்று சொன்னார். கொஞ்ச நேரத்தில் மயிலம்மாவின் குரல் இளகியது. மகளைப் பற்றிப் பேச்சு வந்துவிட்டது.

“இவளின்ர தேப்பன் போனதுக்குப் பிறகு, ஒரு பொம்பிளைப் பிள்ளையை வச்சுக்கொண்டு நான் வயித்தில நெருப்பைக் கட்டிக்கொண்டெல்லோ இருக்கிறன்” என்றார்.

தமிழ் தெரிந்த எவருக்கும் அது விளங்கும். பேர்னாட்டுக்கும் விளங்கியது. ஆனால் விளங்கியதைச் சொல்ல அவரைக் கூட்டிவரவில்லையே, சொன்னதைச் சொல்லத்தானே கூட்டி வந்தார்கள். “படே கிந்தரக் பெந்தகென இன்னவா” என்று ஒரு சொல்லும் சிந்தாமல் சிங்களத்தில் வைத்தார். வயிற்றிலே நெருப்பைக் கட்டிக்கொண்டு இருக்கிறார்.

சிங்களத்தில் பசிக்குப் பெயரே ‘படகினி’. வயிற்று நெருப்பு. நுவனின் தாய் திடுக்கிட்டு எழுந்தார். வந்த விருந்தாளி பசி தாங்காமல், வாய்விட்டுச் சொல்கிற அளவுக்கு ஆகிவிட்டதே, நான் கதை கேட்டுக்கொண்டு இருந்துவிட்டேனே என்று அவருக்கு முகம் வெளிறிப்போனது. குசினிக்கு ஓடினார். பாற்சோறு வந்தது, கொண்டைப் பணியாரம் வந்தது, ஒரு சீப்பு வாழைப்பழம் வந்தது. எல்லாவற்றையும் மயிலம்மாவின் முன்னால் அடுக்கி, சாப்பிடுங்கள் சாப்பிடுங்கள் என்று கையால் காட்டினார்.

மயிலம்மா தட்டையும் பார்த்தார், பேர்னாட்டையும் பார்த்தார். தன் வாழ்நாள் வேதனையைச் சொன்னதற்குக் கிடைத்த மறுமொழி பாற்சோறு. “நான் பிள்ளையைப் பற்றிச் சொல்ல, இவ என்ர வாயை அடைக்கப் பாக்கிறாவோ?” என்று முணுமுணுத்தார். பிறகு மரியாதைக்கு, “எனக்குச் சாப்பாடு வேண்டாம். இண்டைக்குப் பூரணை, பறுவ விரதம். செத்துப்போன அம்மாவுக்குப் பிடிக்கிறனான். மத்தியானம் ஒரு பொழுது சாப்பிட்டாச்சு” என்றார்.

அங்கேதான் பேர்னாட் இரண்டாவது தடவை நேர்மையாக நடந்துகொண்டார். விரதத்துக்கு அவருக்குத் தெரிந்த சிங்களச் சொல், தவக்காலத்தில் கோயிலில் கேட்டுப் பழகிய ‘உபவாசய’. சில் எடுத்திருக்கிறா என்று சொல்லியிருந்தால் அந்த வீட்டில் சின்னப் பிள்ளைக்கும் விளங்கியிருக்கும், அன்று போயா. ஆனால் சில் பௌத்தர்களுடைய நோன்பு, மயிலம்மா சைவம், பேர்னாட் துல்லியமான மனிதர். இவர் உபவாசத்தில் இருக்கிறார் என்றார். தாயை நினைத்து என்பதையும் மத்தியானச் சாப்பாட்டையும் அவர் சொல்வதற்குள் உள்ளறையில் இருந்து தகப்பன் வெளியே வந்துவிட்டார். அவர் பார்த்துக்கொண்டிருந்த செய்தியிலும் உபவாசந்தான். மாணவர்கள் கொட்டகை போட்டு, பதாகை கட்டி, சாகும்வரை.

“எதற்கு எதிராக?” என்று அவர் கேட்டார். நையாண்டி இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்பினார்.

நுவனின் தாய் கதிரையில் மெல்ல உட்கார்ந்தார். பசிக்கிறது என்று சொல்லி, சோற்றை வைத்ததும் உண்ணாவிரதம் என்று சொல்லுகிற சம்பந்தி. இந்தக் கல்யாணம் பிடிக்கவில்லை என்பதை இதைவிட முறையாக யாரும் அறிவிக்க முடியாது. அவருடைய கண் நிறைந்துவிட்டது. கணவரைப் பார்த்துச் சிங்களத்தில் தாழ்ந்த குரலில் சொன்னார். ஒரே பிள்ளை, சொந்தக்காரர் என்ன சொல்வார்கள், நாளைக்கு அந்தப் பிள்ளை இங்கே சந்தோஷமாக இருக்குமா என்று நான் நித்திரை கொள்ளாமல் கிடக்கிறேன், என் பப்புவே கிந்தர இவர்களுக்கு எங்கே தெரியப் போகிறது.

“என்னவாம்?” என்று மயிலம்மா கேட்டார். எழும்புவதற்குச் சேலைத் தலைப்பை இழுத்துச் சரிசெய்துகொண்டும் இருந்தார். விறாந்தைக் கதவடியில் சாமினியின் முகம் தெரிந்தது. அவள் எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். உள்ளே வந்து ஒரு சொல் சொன்னாலும் தாய்க்குக் கொடுத்த வாக்கை மீறியதாகும். அவள் பேர்னாட்டைத்தான் பார்த்துக்கொண்டு நின்றாள்.

பேர்னாட் வாயைத் திறந்தார். “அவட நெஞ்...” என்று தொடங்கினார். பப்புவ என்றால் நெஞ்சு, கிந்தர என்றால் நெருப்பு. நெஞ்சிலே நெருப்பு. சட்டப்படி அவ்வளவுதான். நெஞ்சு எரிகிறதாம் என்று போய்ச் சேர்ந்தால் மயிலம்மா என்ன செய்வார் என்று அவருக்குத் தெரிந்தது. தன்னைக் கண்டு நெஞ்செரிகிறவளுடைய வீட்டில் ஒரு நிமிஷமும் நிற்க மாட்டார். பேர்னாட்டுக்குப் பயம் வந்தது. திணைக்களத்தில் எந்தப் பணிப்பாளருக்கு முன்னாலும் வராத பயம்.

கொட்டாஞ்சேனையில் பிறந்த மனிதர் அவர். சுவருக்கு இந்தப் பக்கம் தமிழ்த் தாய்மார் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு இருந்ததையும், அந்தப் பக்கம் சிங்களத் தாய்மார் நெஞ்சில் நெருப்போடு திரிந்ததையும் சின்ன வயதில் இருந்து கேட்டு வளர்ந்தவர். இரண்டையும் ஒருநாளாவது பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்ததில்லை. ஒரே நெருப்பு. ஒரு மொழியில் ஒரு சாண் மேலே எரிகிறது, மற்றதில் ஒரு சாண் கீழே. இதைக் கண்டுபிடிக்க அவருக்கு ஒரு பெண்பிள்ளையின் கல்யாணம் விளிம்பில் வந்து நிற்க வேண்டியிருந்தது.

“மாஸ்டர், என்னவாம் எண்டு கேக்கிறன்.”

பேர்னாட் தொண்டையைச் செருமினார். “அவட வயித்திலயும் நெருப்பாம், தங்கச்சி” என்றார். “மகனை நினைச்சு. உங்கட பிள்ளை இங்க வந்து சந்தோஷமா இருக்குமோ எண்டு நித்திரை இல்லையாம்.”

மயிலம்மாவின் கை சேலைத் தலைப்பில் அப்படியே நின்றது. பேர்னாட் மற்றப் பக்கம் திரும்பினார். நோனா, நான் பிழையாகச் சொல்லிவிட்டேன், இவருக்குப் பசியும் இல்லை, போராட்டமும் இல்லை என்று சிங்களத்தில் சொன்னார். இறந்துபோன தாய்க்காகச் சில் எடுத்ததுபோல இருக்கிறார். முதலில் வயிறு என்று சொன்னதும் என்னுடைய பிழை. அது பப்புவ. உங்களுடையது எங்கே எரிகிறதோ அங்கேதான் இவருடையதும்.

பிழை என்ற சொல்லை அவர் தம்மைக் குறித்துச் சொன்னது இதுவே முதல் தடவை. புளோறன்ஸ் அங்கே இல்லாமல் போனது பெரிய நட்டம்.

நுவனின் தாய் கண்ணைத் துடைத்துக்கொண்டு பாற்சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்தார். தேத்தண்ணீர் ஊற்றினார். கோப்பையைத் தட்டில் வைக்காமல் தானே கையில் எடுத்து நீட்டினார். மயிலம்மா அதை இரண்டு கையாலும் வாங்கினார், ஒரு மிடறு குடித்தார். சீனி கூடிப்போயிருக்க வேண்டும், முகம் ஒரு கணம் சுருங்கியது. ஆனாலும் குடித்தார். பிறகு மயிலம்மா தமிழில் எதையோ கேட்டார், மகன் சின்னதில் எப்படி, சொல்வழி கேட்பானோ என்று. நுவனின் தாய் சிங்களத்தில் எதையோ கேட்டார், மகளுக்கு என்ன சமைத்தால் பிடிக்கும் என்று. இரண்டு கேள்விகளும் நடுவழியில் முட்டிக்கொண்டன. இரண்டு பெண்களும் பழக்கத்தில் ஒரே நேரத்தில் பேர்னாட்டின் முகத்தைப் பார்த்தார்கள்.

பேர்னாட் எழுந்தார். தாம் உட்கார்ந்திருந்த மரக் கதிரையை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு போய், விறாந்தைக் கதவுக்குப் பக்கத்தில், முதுகு அவர்கள் பக்கம் இருக்கும்படி வைத்து, தெருவைப் பார்த்து உட்கார்ந்துகொண்டார்.